பாடம் சொல்லாமல் கேட்பவை

பாடக்குறிப்பு எழுதுவது எங்களில் பலருக்கு அதிபரின் கையொப்பத்துக்காகச் செய்யும் வேலை. தேர்ச்சி, தேர்ச்சி மட்டம், கற்றற் பேறு, தர உள்ளீடு, செயற்பாடு, மதிப்பீடு. ஆசிரியர் வழிகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஞாயிறு இரவு ஒரே மூச்சில் எழுதி, திங்கள் காலை மேசையில் வைத்தால் சரி. வலயத்திலிருந்து ஆட்கள் வந்தாலும் முதலில் கேட்பது அந்தக் கொப்பியைத்தான். அதில் எல்லாம் இருக்கும். எந்தப் பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி நிற்கும் என்பது மட்டும் இருக்காது.

"அது வகுப்புக்குப் போனால்தானே தெரியும்" என்பார்கள். பாதிக்கு மேல் முதல்நாள் இரவே தெரிந்துவிடும் என்பதுதான் என் அனுபவம். பாடம் எதைக் கற்பிக்கிறது என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், வாய் திறக்காமலே அது பிள்ளையிடம் என்னென்ன கேட்கிறது என்றும் பார்க்க வேண்டும். இந்தப் பதிவு அதைப் பற்றியது.

நான் படிப்பிப்பது கொழும்பில் கொட்டாஞ்சேனைப் பக்கம், ஆரம்பப் பிரிவில். குடியிருப்பது வெள்ளவத்தையில். இரண்டு இடத்திலும் தமிழ்மொழி மூல வகுப்புகள், ஒரே பாடநூல். ஆனால் கொட்டாஞ்சேனை வகுப்பில் ஒரு வாங்கில் மூன்று பிள்ளைகள் இருந்தால் மூன்று ஊர்த் தமிழ் கேட்கும். ஹட்டன் பக்கமிருந்து வந்து கடையில் நிற்கும் தகப்பனின் பிள்ளை, யாழ்ப்பாணத்துத் தாயின் பிள்ளை, பாட்டன் காலத்திலிருந்தே ஜம்பட்டா வீதிப் பக்கம் இருக்கிற குடும்பத்துப் பிள்ளை. அடுத்த வாங்கில் ஒரு முஸ்லிம் பிள்ளை. பக்கத்தில் தாய் சிங்களம், தகப்பன் தமிழ் என்று இன்னொன்று. வெள்ளவத்தையில் பின்னேரங்களில் என்னிடம் வரும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் கதை வேறு. ஒருத்திக்கு வீட்டில் அரைவாசிப் பேச்சு ஆங்கிலம். இன்னொருவன் வீட்டில் விசா எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவனுக்கு இந்தப் பாடசாலையே ஒரு பயணத் தரிப்பு. பயிற்சிப் பட்டறையில் 'பல்வகை மாணவர்' என்று எழுதிக் காட்டினால் எல்லோரும் தலையாட்டுவோம். வகுப்பில் அது இத்தனை முகமாக வந்து உட்காரும்.

ஒரு கணக்கு, ஐந்து கேள்வி

தரம் 4க்கான ஒரு பணக்கணக்கு: "அம்மா 500 ரூபாவுடன் சந்தைக்குப் போனார். 180 ரூபாவுக்கு வெங்காயமும் 145 ரூபாவுக்குக் கிழங்கும் வாங்கினார். அவரிடம் மிஞ்சிய பணம் எவ்வளவு?"

பாடக்குறிப்பில் இதற்கு நாங்கள் எழுதுவது 'பணத்துடன் தொடர்புடைய கூட்டலும் கழித்தலும்'. ஆனால் பிள்ளை செய்ய வேண்டியது அதற்கு எவ்வளவோ அதிகம். மூன்று வசனத்தையும் வாசிக்க வேண்டும். மூன்றாவதை வாசித்து முடிக்கும்வரை முதலாவது நினைவில் நிற்க வேண்டும். கணக்கில் 'கூட்டு' என்றும் இல்லை, 'கழி' என்றும் இல்லை. இரண்டையும் தானே கண்டுபிடிக்க வேண்டும். 325 என்று ஓர் இடைவிடை வரும். அதுதான் விடை என்று நினைத்துக் கோடு போட்டுவிடக் கூடாது. 500இல் ஒன்றும் பூச்சியம், பத்தும் பூச்சியம்; நூறிலிருந்து இரண்டு முறை உடைத்துக் கொண்டுவர வேண்டும். இத்தனைக்கும் கணக்கைக் கரும்பலகையில் பார்த்துப் பிழையில்லாமல் கொப்பியில் எழுதியிருக்கவும் வேண்டும்.

இதில் எந்த இடத்தில் பிழைத்தாலும் கொப்பியில் விழுவது ஒரே மாதிரியான சிவப்புக் கோடுதான். அந்தக் கோட்டை வைத்துக்கொண்டு 'கழித்தல் தெரியாது, பரிகாரக் கற்பித்தல் தேவை' என்று எழுதினால் மருந்து தவறான நோய்க்குப் போகும்.

ஆன் நியூமன் என்ற அவுஸ்திரேலியக் கல்வியாளர் 1977இல் இதற்கு ஒரு வழி சொன்னார். பிழைவிட்ட பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி ஐந்து விடயம் கேட்பது. எங்கள் பேச்சில் சொன்னால் இப்படி வரும்:

1. இதை எனக்கு வாசிச்சுக் காட்டுங்க.
2. இதில் என்ன கேட்டிருக்கு?
3. எப்படிச் செய்யப் போறீங்க?
4. செய்யுங்க, செய்யச் செய்யச் சொல்லுங்க.
5. இப்ப விடையை எழுதுங்க.

பிள்ளை எந்தக் கேள்வியில் நிற்கிறதோ, தடை அங்கே. வாசிப்பு, விளக்கம், வழி கண்டுபிடித்தல், செய்கை, விடை எழுதுதல் என்று ஐந்து படி. ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம்கூட எடுக்காது.

ஒரு பையனிடம் மேலே உள்ள கணக்கைக் கொடுத்து, "வாசிங்க மகன்" என்றேன். 'மிஞ்சிய' என்ற சொல்லில் எழுத்து எழுத்தாக நின்றான். 'ஞ்' இல் விரல் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். அதைத் தாண்டி வருவதற்குள் வெங்காயமும் கிழங்கும் மறந்துபோயின. நான் வாங்கி, சாதாரணமாகக் கதை சொல்வது போல வாசித்தேன். என் வாய் மூட முதலே, "நூற்றி எழுபத்தஞ்சு, டீச்சர்." 

பக்கத்தில் இருந்தவள் தண்ணீர் போல வாசித்தாள். "என்ன கேட்டிருக்கு?" என்றால், "கூட்டணும் டீச்சர்." "ஏன்?" "ரெண்டு விலை இருக்குதானே." 

இரண்டு கொப்பியிலும் அதே சிவப்புக் கோடு. அவனுக்குக் கணக்குப் பாடமே தேவையில்லை, வாசிப்புத்தான் தேவை. அவளுக்கு வாசிப்பு இருக்கிறது. கதையை மனதில் நடத்திப் பார்க்கும் பழக்கம் தேவை. இருவரையும் ஒரே பரிகார வகுப்பில் இருத்திக் கழித்தல் பயிற்சி கொடுத்தால் இருவருக்குமே நேரம் வீண்.

கடைக் கணக்கும் கொப்பிக் கணக்கும்

அந்தப் பையன் எப்படி அவ்வளவு வேகமாகச் சொன்னான்? கேட்டேன். "325க்கு 25 குடுத்தா 350. அம்பது குடுத்தா 400. இன்னும் நூறு." சில்லறை எண்ணிக் கொடுக்கும் கை அது. பின்னேரங்களில் தகப்பனின் கடையில் நிற்கிறவன். அவன் கழிக்கவில்லை, மேல்நோக்கி எண்ணினான். கொப்பியில் நாங்கள் கேட்பதோ 500ஐ மேலே எழுதி, 325ஐக் கீழே எழுதி, '0இலிருந்து 5 போகாது' என்று தொடங்கும் முறை.

இது கொட்டாஞ்சேனைக்கு மட்டும் உரிய கதை இல்லை. பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில் சந்தையிலும் தெருவிலும் விற்பனை செய்யும் 9 முதல் 15 வயது வரையான ஐந்து பிள்ளைகளை மூன்று ஆய்வாளர்கள் பரிசோதித்து 1985இல் எழுதினார்கள். வாடிக்கையாளர் போல நின்று தேங்காயும் பழமும் விலை கேட்டபோது பிள்ளைகள் சொன்ன விடைகளில் நூற்றுக்கு 98 சரி. அதே கணக்குகளைப் பிறகு வசனக் கணக்காகக் கொடுத்தபோது 74. வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37. பிள்ளை மாறவில்லை, கணக்கும் மாறவில்லை, கேட்ட விதம் மட்டும்தான் மாறியது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது: பாடம் திட்டமிடும்போது 'இந்தப் பிள்ளைக்கு எது தெரியாது' என்று கேட்பதற்கு முன்னால் 'இதே விடயத்தை இவன் வேறு எங்கே செய்கிறான்' என்று கேட்க வேண்டும். கடைப் பிள்ளையின் முறையைக் கரும்பலகையில் போட்டு, அதன் பக்கத்தில் நிலைக்குத்துக் கழித்தலைப் போட்டுக் காட்டினால், அவன் 25, 50, 100 என்று கொடுத்ததும் பாடநூல் நூறை உடைத்ததும் ஒரே இடத்தில் வந்து சேருவதை முழு வகுப்பும் பார்க்கும். அவனும் ஒருநாள் வகுப்புக்குப் படிப்பித்த மாதிரி இருக்கும்.

சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளில் இதன் மறுபக்கம் வரும். வயல், வரம்பு, குளக்கட்டு, வீட்டுத்தோட்டம் என்று பாடம் ஓடும்போது, மாடிவீட்டுப் பிள்ளைக்கும் தோட்டத்து நெருக்கடிக்குள் இருக்கும் பிள்ளைக்கும் கையில் பிடிக்க ஒன்றும் இல்லை. கொழும்பில் நான் 'தோட்டம்' என்று சொல்வது ஒட்டி ஒட்டி வீடுகள் உள்ள குடியிருப்பை என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகள் துறைமுகத்துக் கொள்கலன் லொறியின் சில்லு எத்தனை என்று சொல்வார்கள், எந்த மழைக்கு எந்த ஒழுங்கையில் தண்ணீர் நிற்கும் என்று சொல்வார்கள். நீர் எங்கே ஓடும், ஏன் தேங்கும் என்பதுதான் பாடம் என்றால் அதற்குக் குளக்கட்டுதான் வேண்டும் என்றில்லை.

எடுக்க வேண்டிய தடை, எடுக்கக் கூடாத தடை

"அப்படியென்றால் எல்லாவற்றையும் நாங்களே வாசித்துக் கொடுப்பதா? பிறகு எப்போது வாசிக்கப் பழகுவார்கள்?" என்று ஓர் ஆசிரியை கேட்டார். நியாயமான கேள்வி. பதில், அன்றைய பாடம் எது என்பதில் இருக்கிறது. 

வகுப்பில் ஒரு பிள்ளை விரல்விட்டு எண்ணும்போது உதடு அசையும். உற்றுக் கேட்டால், 'எக்கய், தெக்கய், துனய்' என்று சிங்களத்தில் எண்ணும். தாயிடம் பழகிய எண்கள். அன்றைய பாடம் கூட்டல் என்றால் அந்தப் பிள்ளை எந்த மொழியில் எண்ணினாலும் எனக்கு என்ன? விடை வந்தால் சரி. தமிழில் எண்ணச் சொல்லி வற்புறுத்தினால் கூட்டலுக்கு முன்னால் நானே ஒரு சுவர் கட்டுகிறேன். ஆனால் அன்றைய பாடம் தமிழில் எண்பெயர்களை எழுதுவது என்றால் அதே விடயம் பாடமாகிவிடும். அங்கே விட்டுக்கொடுத்தால் பிள்ளைக்குத்தான் நட்டம்.

ஆகவே விதி எளிது. பாடம் எதைக் கற்பிக்க வந்ததோ அதன் கடினத்தைத் தொடாதே. பாடம் சொல்லாமல் கேட்கும் மற்றவற்றை முடிந்தளவு இலேசாக்கு. கணக்குப் பாடத்தில் வாசித்துக் கொடு. வாசிப்புப் பாடத்தில் கொடுக்காதே. விஞ்ஞானத்தில் படம் வரைந்து விளக்கினால் ஏற்றுக்கொள். கட்டுரை எழுதும் பாடத்தில் எழுதத்தான் வேண்டும். இதைப் பிரித்துப் பார்க்காதவரை நாங்கள் ஒன்றில் எல்லாவற்றையும் இலேசாக்கி விடுகிறோம், இல்லாவிட்டால் ஒன்றையும் இலேசாக்க மாட்டோம் என்று நிற்கிறோம்.

கண், காது, வயிறு

சில தடைகளுக்குக் கல்வியியல் ஒன்றும் தேவையில்லை, பார்க்கும் கண் போதும். புத்தகத்தைப் பார்த்துச் சரியாக எழுதும் பிள்ளை கரும்பலகையைப் பார்த்துப் பிழையாக எழுதினால் முதலில் கண்ணைச் சந்தேகிக்க வேண்டும். 'புத்தகத்தை எடுங்க, 32ஆம் பக்கம்' என்று சொன்னதும் தானாகத் திறக்காமல், பக்கத்துப் பிள்ளையின் கையைப் பார்த்துவிட்டுத் திறக்கும் பிள்ளைக்குக் காதைப் பார்க்க வேண்டும். இரண்டு வகுப்புக்கு நடுவில் பலகைத் தட்டி மட்டும் இருக்கிற மண்டபங்களில் நல்ல காது உள்ள பிள்ளைக்கே பாதிதான் கேட்கும். இரண்டாம் பாடவேளையில் மேசையில் தலை சாய்க்கும் பிள்ளையிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, காலையில் என்ன சாப்பிட்டது என்பது.

பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 1, 4, 7, 10இல் நடக்கும். அந்த நாளுக்கு முன்னால் ஆசிரியர் ஒரு சிறு பட்டியல் வைத்திருந்தால் வைத்தியருக்கும் உதவி. ஆனால் தாளில் 'கண் பரிசோதனைக்கு அனுப்பவும்' என்று எழுதி அனுப்பினாலே வேலை முடிந்துவிடாது. ஒரு தாய் என்னிடம் தணிந்த குரலில், "பொம்பிளைப் பிள்ளை டீச்சர், இப்பவே கண்ணாடி போட்டா..." என்று இழுத்தார். "அம்மா, பலகையில இருக்கிறது தெரியாமத்தான் அவ கதைக்கிறா. நான் அதைக் குழப்படி எண்டு நினைச்சிருப்பேன். கண்ணாடி போட்டா அவ முன் வாங்கில இருக்கவே தேவையில்லை" என்றேன். தேசிய கண் வைத்தியசாலைக்கு அடுத்த வாரமே போனார்கள்.

ஒன்று மட்டும்: பெயர் சூட்டுவது எங்கள் வேலை இல்லை. 'இந்தப் பிள்ளைக்கு டிஸ்லெக்சியா' என்று ஆசிரியர் அறையில் சொல்லிவிட்டால் அது பிள்ளையோடு உயர்தரம்வரை நடந்து போகும். நாங்கள் எழுத வேண்டியது கண்டதை: 'வாசிக்கும்போது வரி தாவுகிறான், வாயால் கேட்டால் விடை சரி, எழுதும்போது மெய்யெழுத்தின் புள்ளி விடுபடுகிறது.' இந்தக் குறிப்போடு பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குப் போனால், அங்கே பார்க்கிறவர்களுக்கு அது எவ்வளவோ உதவும்.

டியூஷன் மறைக்கும் தடை

வகுப்பில் வேறொரு சிக்கலும் உண்டு. புலமைப்பரிசில் பரீட்சை வைத்திருக்கும் ஊரில் தரம் 3இலேயே டியூஷன் தொடங்கிவிடும். நான் புதிதாக ஒன்றைத் தொடங்கி, "ஏன் இப்படி?" என்று கேட்டு வாய் மூட முதல் ஆறேழு கை மேலே எழும். அவர்களுக்கு இது போன மாதமே முடிந்த பாடம். விடையும் சரியாக வரும். நாங்களும் 'வகுப்புக்கு விளங்கிவிட்டது' என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். டியூஷனுக்குப் போகாத பிள்ளை அந்த ஆறேழு கைக்குப் பின்னால் மறைந்துபோகும்.

கை தூக்கிய பிள்ளைக்கும் தடை இருக்கலாம். வழி தெரியும், காரணம் தெரியாது. கணக்கின் எண்களை மாற்றாமல் கதையை மட்டும் மாற்றினால் அகப்பட்டுவிடும். "அம்மாவிடம் 175 ரூபா மிஞ்சியது. 180க்கும் 145க்கும் வாங்கினார். கொண்டுபோனது எவ்வளவு?" அப்போது ஆறு கையில் நான்கு கீழே இறங்கும்.

இதற்கு நான் செய்வது: முதல் கேள்விக்குக் கை தூக்கச் சொல்வதில்லை. எல்லோரும் கடதாசித் துண்டில் விடை எழுதி மேசையில் கவிழ்த்து வைக்க வேண்டும். சுற்றிப் பார்க்க இரண்டு நிமிடம். வகுப்பின் உண்மையான படம் அதில் இருக்கும்.

சட்டம் எடுத்ததும் எடுக்காததும்

இந்த நாட்டில் கல்வியின் பெரிய தடைகள் சில சட்டத்தால் எடுபட்டவை. கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்தில், 1945இல், கட்டணம் போனது. ஆரம்ப வகுப்பில் தாய்மொழி வந்தது. 1998இல் கம்பஹா மாவட்டத்தில் பரீட்சித்து 1999இல் நாடு முழுக்கக் கொண்டுவந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்தில், தரம் 1க்கு வரும் பிள்ளைகளை விளையாட்டும் செயற்பாடுமாக அவதானித்து இனங்காணும் ஏற்பாடும் சேர்ந்தது. ஸ்பெயினின் சலமன்காவில் 1994இல் 92 நாடுகள் ஒப்புக்கொண்ட பிரகடனத்தின் சாரமும் இதுதான்: பிள்ளையைப் பாடசாலைக்கு ஏற்றபடி வளைக்காமல், பாடசாலை பிள்ளைக்கு ஏற்றபடி மாற வேண்டும்.

ஏற்பாடு நல்லது. ஆனால் தரம் 1இல் எழுதிய அவதானிப்புத் தரம் 4 ஆசிரியரின் கைக்கு வருவது அபூர்வம். வருவது புள்ளிகள்தான். '47' என்ற எண் அந்தப் பையனின் 'ஞ்' ஐப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்லாது. தமிழ்நாட்டில் கொரோனாவுக்குப் பிறகு 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் தொடக்கத்தில் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பித்தார்கள். மட்டத்துக்கு ஏற்ற பயிற்சி கிடைப்பது பெரிய விடயம். ஆனாலும் மட்டம் பிள்ளை எங்கே நிற்கிறது என்று சொல்லும், ஏன் அங்கே நிற்கிறது என்று சொல்லாது. இங்கே 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியபோது தரம் 1இல் இருந்த பிள்ளைகளையும், 2022இல் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனதையும் நினைத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளைகளில் சிலர் மேல் வகுப்புகளில் இன்னமும் சொல்லின் முதல் எழுத்தைப் பார்த்து மிச்சத்தை ஊகித்துத்தான் வாசிக்கிறார்கள். வரலாற்று ஆசிரியருக்கு அது 'வரலாறு வராத பிள்ளை'.

இரண்டு வரி

முப்பதுக்கு மேல் பிள்ளைகள், பாடத்திட்டம் முடிக்க வேண்டும், நிர்வாக வேலை வேறு. இதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பாடக்குறிப்பு எழுதச் சொன்னால் யாரும் எழுத மாட்டார்கள், நானும் எழுத மாட்டேன். நான் எழுதுவது வழக்கமான குறிப்புக்குக் கீழே இரண்டே வரி. பணக்கணக்குக்கு இப்படி:

சொல்லாமல் கேட்பது: மூன்று வசன வாசிப்பு, பலகையிலிருந்து எழுதுதல், 325ஐ நினைவில் வைத்தல்.

மாற்றுவழி: கணக்கை நானே கதையாகச் சொல்வேன், அச்சிட்ட துண்டு கொடுப்பேன், இடைவிடைக்கு ஒரு கட்டம் வரைந்து வைப்பேன், விளையாட்டுப் பணத்தாளில் 500ஐ மாற்றிக் காட்டுவேன்.

இவை அத்தனையும் முழு வகுப்புக்கும். யாரையும் தனியாக எழுப்பி 'உனக்கு இது' என்று கொடுப்பதில்லை. யாருக்குத் தேவையோ அவர் எடுத்துக்கொள்வார். தேவையில்லாதவருக்கு அதனால் நட்டம் இல்லை. இலேசாக்கக் கூடாததாகக் கடைசியில் மிஞ்சுவது பூச்சியத்தில் உடைப்பது ஒன்றுதான். அதுதான் அன்றைய பாடம், நேரம் எல்லாம் அதற்கே.

பாடம் முடிந்ததும் நின்ற பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் நியூமனின் படி எண்ணை மட்டும் போடுவேன். 1 என்றால் வாசிப்பு, 3 என்றால் வழி. ஒரு தவணை போனால் ஒரே பிள்ளைக்கு ஒரே எண் திரும்பத் திரும்ப வருவது தெரியும். பரிகார வகுப்பை அந்த எண்ணை வைத்துப் பிரித்தால், கழித்தல் தெரிந்தவனுக்குக் கழித்தல் படிப்பிக்கும் வேலை மிச்சம்.

வருடக் கடைசியில் இடாப்பையும் புள்ளிப் பட்டியலையும் அடுத்த ஆசிரியரிடம் ஒப்படைக்கும்போது அந்தப் பக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள். சுற்றறிக்கை தேவையில்லை, வலயத்தின் அனுமதி தேவையில்லை. பிள்ளைக்கு ஒரு வசனம் போதும்: 'வாசித்துக் கொடுத்தால் கணக்குச் செய்வான்.' அந்த வசனம் கையில் இருந்தால் அடுத்த ஆசிரியர் முதல் தவணை முழுவதையும் அதைக் கண்டுபிடிப்பதில் செலவழிக்க மாட்டார்.